நாலு சபை சேர்ந்து சமூகப்பணி: குன்னூர் பக்கம் எங்கிருந்து தொடங்குவது?

பெட்போர்டுவாசி:
குன்னூர், வெலிங்டன், கேத்தி சுற்றுவட்டாரத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகள் நாலு சேர்ந்து பொதுவாகச் சமூகப்பணி செய்யலாம் என்று பேச்சு ஓடுகிறது. வீட்டோடு முடங்கிய முதியோருக்கு வாரம் மூன்று நாள் மதியச் சாப்பாடு, மழைக்காலத்தில் ஆலய ஹாலில் முகாம், டிசம்பரில் கம்பளி. ஜூன் முதல் தொடங்க ஆசை. தனித்தனியாக எல்லாரும் ஏதோ செய்துகொண்டுதான் இருக்கிறோம். சேர்ந்து செய்வதானால் முதலில் எதை முடிவு செய்ய வேண்டும்? பொதுவாக ஒரு வங்கிக் கணக்கு திறந்துவிடலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
கணக்கு திறக்காதீர்கள். குறைந்தது முதல் வருஷம் வேண்டவே வேண்டாம்.

நாலு சபைக் கமிட்டி சேர்ந்து ஒரு பெயரை வைத்துக்கொண்டு வங்கிக்குப் போனால் முதல் கேள்வியே "இந்த அமைப்பு எங்கே பதிவாகியிருக்கிறது, பான் எண் எது" என்பதுதான். சபை என்பது தனிச் சட்ட அமைப்பு இல்லை. கோயிலும் ஹாலும் இருக்கும் நிலம் பெரும்பாலும் சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருக்கும். அதனால் ஹாலை வெளி அமைப்புக்கு எழுதிக் கொடுப்பது, வளாகத்தில் ஷெட் போடுவது எதையும் சபைக் கமிட்டி தானாகச் செய்ய முடியாது, டயோசீஸ் (பேராயரின் கீழுள்ள மண்டல நிர்வாகம்) ஒப்புதல் வேண்டும். இதற்கென்று புதிதாக டிரஸ்ட் பதிந்தால் வருடாந்திரத் தணிக்கை, வரித் தாக்கல் எல்லாம் தலையில் ஏறும். சாம்பார் வைக்க வந்தவர்கள் ஆடிட்டர் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

செய்யக்கூடியது இது. ஒரு சபையை "பொறுப்புச் சபை" என்று ஒரு வருஷத்துக்கு வையுங்கள். அதன் கணக்கில் தனித் தலைப்பு, தனி ரசீதுப் புத்தகம், தனிச் செலவுப் பதிவேடு. மற்ற மூன்றும் பணமாகக் கொடுத்தால் காசோலையாகவோ வங்கி வழியாகவோ மட்டும். கைச் செலவுக்கு 5,000 ரூபாய் ஒருவரிடம் இருக்கட்டும். பில் காட்டினால்தான் அடுத்த 5,000. நாலு சபைப் பொருளாளரும் மாதம் ஒருமுறை அந்தப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். இதை மறந்தால் ஆறாம் மாதம் சந்தேகம் முளைக்கும், பத்தாம் மாதம் கூட்டு கலையும்.

இரண்டு எச்சரிக்கை. வெளிநாட்டில் இருக்கும் பழைய சபையார் பணம் அனுப்புகிறேன் என்பார்கள். இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சொந்தப் பணத்தை அனுப்பினால் ஒரு கதை, வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவரோ அங்குள்ள சபையோ அனுப்பினால் வேறு கதை. பின்னது வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்துக்குள் வரும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் இறங்க வேண்டும். வாங்கிய அமைப்பு இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் கூடாது. பொறுப்புச் சபையின் சாதாரணக் கணக்கில் அப்படி ஒரு தொகை விழுந்தால் தொல்லை டயோசீஸ் வரை போகும். அடுத்தது, மத நோக்கத்துக்கு மட்டுமான அமைப்புக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு 80ஜி வருமான வரி விலக்கு கிடையாது. கேட்டு உறுதி செய்யாமல் ரசீதில் அந்த வரியை அச்சடிக்காதீர்கள்.

கேத்திப்பள்ளம்:
கணக்குக்கு முன்னால் பட்டியல். கூட்டு என்றால் என்னைப் பொறுத்தவரை ஒரே பட்டியல், அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வரும்.

டிசம்பர் மாதம் பாருங்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் குடியிருப்புக்கு நாலு சபையும் போகும், ஏனென்றால் வேன் நிற்க இடம் இருக்கிறது. ஒரே வீட்டில் மூன்று கம்பளி சேரும். 200 படி இறங்கிப் போக வேண்டிய லயன் வீடுகளுக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) ஒன்றும் போகாது. இது மனசு இல்லாததால் வருவது இல்லை, எல்லை இல்லாததால் வருவது.

இதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. ஆங்கிலிக்கன் முறையில் ஒரு பங்கு என்றால் நிலப்பரப்பு. அந்த எல்லைக்குள் குடியிருப்பவர் எல்லாருக்கும், கோயிலுக்கு வந்தாலும் வராவிட்டாலும், அந்தப் பங்கு பொறுப்பு. ஆனால் நீலகிரியில் ஊட்டி ஸ்டீபன்ஸ் ஆலயம் 1830ல் அர்ப்பணிக்கப்பட்ட காலத்திலிருந்து ஆங்கிலிக்கன் கோயில்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரச் சபையாருக்காக எழுந்தவை. ஊர் மக்களிடையே வேலை செய்தது கேத்தியை மையமாக வைத்து 1846ல் வந்த சுவிட்சர்லாந்து பாசல் மிஷன் போன்றவை, அங்கே சபை என்றால் குடும்பங்கள். 1947 செப்டம்பர் 27ல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் பாரம்பரியங்கள் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனது. அது ஆங்கிலிக்கன் ஐக்கியத்திலும் உறுப்பு. ஒரே திருச்சபைதான், பழக்கம்தான் இரண்டு. அதனால் இன்றைக்கும் "எங்கள் சபையார்" என்று குடும்பப் பதிவேட்டைப் பார்த்துப் பேசுகிறோமே தவிர, தெருவைப் பார்த்துப் பேசுவதில்லை.

செய்ய வேண்டியது: பேரூராட்சி, நகராட்சி வார்டு வரைபடத்தை வாங்கி நாலாகப் பிரியுங்கள். அந்தப் பகுதியில் இந்து, முஸ்லிம், கத்தோலிக்கர் யார் இருந்தாலும் அந்தச் சபையின் பொறுப்பு. உங்கள் சபைக் குடும்பம் வேறு பகுதியில் இருந்தால் அந்தப் பகுதிச் சபைதான் போகும். முதல் கூட்டத்தில் இதற்குத்தான் எதிர்ப்பு வரும், "எங்க பாட்டிக்கு அவங்க ஏன் சாப்பாடு கொண்டுவரணும்" என்று. விட்டுக்கொடுக்காதீர்கள்.

பட்டியலில் பெயர், வயது, வீட்டு அடையாளம், ரோட்டிலிருந்து எத்தனை படி, தனியாக இருக்கிறாரா, சர்க்கரை, ரத்த அழுத்தம், பல் நிலை, அவசரத்துக்கு ஒரு போன் எண். ஆதார் நகல் வேண்டாம், வாங்கினால் அதைப் பாதுகாக்கும் பொறுப்பும் உங்களுடையது. பட்டியலை வாட்ஸப் குரூப்பில் போடக்கூடாது. யார் தனியாக இருக்கிறார் என்ற விவரம் கண்டவர் கைக்குப் போகக் கூடாதது.

அருவங்காடு_தம்பி:
கணக்குப்பிள்ளை சார் சொன்னதில் ஒரு சிக்கல். பெரிய சபை எப்போதும் பொறுப்புச் சபை ஆகிவிடும், சின்ன சபை பின்னாலேயே நிற்கும். 40 குடும்பம் உள்ள சபை மாதம் எவ்வளவு கொடுக்க முடியும்?

கணக்குப்பிள்ளை:
பணத்தைச் சமமாகப் பிரிக்கச் சொல்லவில்லை தம்பி. வேலையைப் பிரியுங்கள். ஒரு சபைக்கு நல்ல சமையல்கூடம், ஒன்றுக்குப் பிக்கப் வண்டி வைத்திருக்கும் சபையார், ஒன்றில் ஓய்வுபெற்ற நர்ஸ்கள். 40 குடும்பச் சபை பட்டியலைப் பராமரித்தாலே பாதிப் பாரம் தூக்கிய மாதிரி. இன்னொன்று: அறுப்பின் பண்டிகையை நாலு சபையும் கலந்து பேசி வேறு வேறு வாரங்களில் வையுங்கள். கேரட், உருளை, முட்டைகோஸ், பூண்டு காணிக்கை ஒரே ஞாயிறு குவிந்தால் ஏலம் போகாதது அழுகும். தள்ளித் தள்ளி வந்தால் சமையல்கூடத்துக்கு ஒன்றரை மாசக் காய் ஆச்சு.

பெரிய_அண்டா:
சாப்பாட்டு விஷயம் நான் எழுதுகிறேன்.

60 முதியோருக்கு ஒரு வேளை: அரிசி 5 கிலோ, துவரம்பருப்பு 1.8 கிலோ, காய் 6 கிலோ, எண்ணெய் 600 மி.லி. தலைக்கு 80 கிராம் அரிசி வயதானவர்களுக்குப் போதும். கல்யாண வீட்டுக் கணக்கில் 125 கிராம் போட்டால் மீதி நாய்க்குத்தான். சாதம் குழைவாக இருக்கட்டும். உப்பு குறைவாகப் போட்டு, வேண்டியவருக்கு ஊறுகாய் தனியாக. அப்பளம், முறுகிய பொரியல் வேண்டாம்.

சமவெளிச் சமையல்காரர் இங்கே வந்து தடுமாறுவது உயரத்தால். சுமார் 300 மீட்டர் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் வெப்பம் 1 டிகிரி குறையும். குன்னூரில் 94 டிகிரி அளவில் கொதித்துவிடும், ஊட்டியில் 92, 93. திறந்த அண்டாவில் பருப்பு எவ்வளவு நேரம் கொதித்தாலும் நறநறவென்று இருப்பது இதனால்தான், அடுப்பைக் கூட்டிப் பிரயோசனம் இல்லை, தண்ணீர்தான் வற்றும். பருப்பைப் பெரிய குக்கரில் மட்டுமே வேக வையுங்கள், அதுவும் சமவெளியில் வைப்பதைவிட இரண்டு விசில் கூட. கொண்டைக்கடலை, ராஜ்மா இரவு ஊறவைப்பதானால் வெதுவெதுப்பான தண்ணீரில். இந்தக் குளிரில் பச்சைத் தண்ணீர் போட்டால் காலையிலும் கல்லாகவே இருக்கும். குடிதண்ணீரை ஒரு கொதி வந்ததும் இறக்காமல் முழுசாக 3 நிமிஷம் கொதிக்க விடுங்கள், 2,000 மீட்டருக்கு மேல் அதுதான் விதி.

சாதத்தில் கவனம். வெந்த சாதம் வெதுவெதுப்பில் மணிக்கணக்காகக் கிடந்தால் கிருமி பெருகும், மறுபடி சுட வைத்தாலும் அது விட்ட நஞ்சு போகாது. 60 டிகிரிக்கு மேல் சூடாக வைத்து, இறக்கிய 2 மணி நேரத்துக்குள் கடைசி வீட்டுக்குப் போய்விட வேண்டும். 10.30க்கு இறக்கி, 11க்குள் கட்டி, 12.30க்குள் முடிப்பது நல்ல கணக்கு. ஒரு ஆளுக்கு 10, 12 வீட்டுக்கு மேல் கொடுக்காதீர்கள், படிதான் நேரத்தைத் தின்னும்.

மாவட்டத்தில் பிளாஸ்டிக் தடை இருப்பதால் கவரில் சாம்பார் கட்ட முடியாது. இலை சமவெளியிலிருந்து வர வேண்டும், விலை கட்டுப்படியாகாது. ஆளுக்கு இரண்டு எவர்சில்வர் டிபன் கேரியர். இன்றைக்கு ஒன்று போகும், நேற்றையது திரும்பும். 60 பேருக்கு 120, உடைசலுக்கு 5. கொண்டுபோகும் வழி ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் என்று மூடியில் பெயிண்ட் அடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டாம் வாரமே கலந்துவிடும். வாங்கி வந்த கேரியரை முதியவர் கழுவினாலும் சமையல்கூடத்தில் வெந்நீரில் மறுபடி கழுவ வேண்டும்.

இலவசச் சாப்பாடானாலும் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு தேவை. லாபம் இல்லை என்பதால் விலக்கு கிடையாது.

வெலிங்டன்_பஜார்:
அக்கா, கேஸ் பற்றி ஒன்று. டிசம்பர், ஜனவரி காலையில் அடுப்பு மங்கி எரிகிறது, சிலிண்டர் பாதிக்கு மேல் இருக்கும்போதே. மாற்றினால் சரியாகிறது. கடைக்காரர் ஏமாற்றுகிறாரா?

பெரிய_அண்டா:
ஏமாற்று இல்லை. குளிரில் உள்ளே இருக்கும் திரவம் போதுமான வேகத்தில் ஆவியாகாது. பெரிய பர்னர் இழுக்க இழுக்க சிலிண்டர் இன்னும் குளிர்ந்து அடியில் பனி பூக்கும். ஒரே 19 கிலோ சிலிண்டரில் இரண்டு பெரிய அடுப்பு ஓட்டாதீர்கள். இரண்டு சிலிண்டரை ஒரே குழாயில் இணைத்து ஏஜென்சி ஆள் கையால் பொருத்திக்கொள்ளுங்கள், இரண்டும் பாதிப் பாதி வேலை செய்யும், பனி பூக்காது. சிலிண்டரை வெந்நீர் வாளியில் வைப்பதும் பக்கத்தில் தணல் வைப்பதும் உயிருக்கு ஆபத்து. குளிர் என்று சமையல்கூட ஜன்னலை அடைப்பதும் அப்படியே.

மழைமானி:
ஜூனில் முகாமா? எந்தப் பக்கத்துக்கு?

நீலகிரிக்கு இரண்டு மழை. தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி, மேல்பவானி பக்கம் ஜூனிலிருந்து கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ. தாண்டியது. குன்னூர், கோத்தகிரி, கேத்தி சரிவுகளுக்கு அபாயம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. 2009 நவம்பர் மண்சரிவு நினைவிருக்கும். ஆகவே உங்கள் நாலு சபைக்கு செப்டம்பர் கடைசிதான் கெடு. அதைவிட நல்லது, கூடலூர் பக்கச் சபை ஒன்றோடு கை கோர்ப்பது. தார்ப்பாய், பாய், கம்பளி, சார்ஜ் விளக்கு எல்லாம் ஒரே இருப்பு. மே கடைசியில் அங்கே போகட்டும், செப்டம்பர் கடைசியில் காயவைத்து எண்ணி இங்கே வரட்டும். ஒரே பொருள் இரண்டு மழைக்கு உதவும்.

ஹாலில் எத்தனை பேர்? அசன விருந்துக்கு 150 பேர் உட்கார்ந்தார்கள் என்பது கணக்கு இல்லை. படுத்துத் தூங்க ஆளுக்கு 3.5 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 38 சதுர அடி. 40க்கு 26 அடி ஹாலில் 27 பேர்தான். தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர், ஆகவே 500 லிட்டர் தொட்டி ஒன்று நிரம்பியே இருக்க வேண்டும். 20 பேருக்கு ஒரு கழிப்பறை, பெண்களுக்குத் தனியாக, உள்தாழ்ப்பாளும் விளக்கும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். விளக்கில்லாத கழிப்பறைக்கு இரவில் பெண்கள் போகமாட்டார்கள், தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள்.

அதற்கும் முன்னால் ஹாலே பத்திரமான இடத்தில் இருக்கிறதா? பின்பக்கம் வெட்டிய மண்மேடு, தடுப்புச்சுவரில் நீர் வடியும் துளை அடைப்பு, சுவரில் குறுக்கு வெடிப்பு, சாய்ந்த மரம், மேலே தேங்கும் வாய்க்கால். இதில் இரண்டு இருந்தாலும் அந்த ஹாலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். பழைய கோயில் வளாகங்களில் யூகலிப்டஸும் சைப்ரஸும் கூரைக்கு மேல் நிற்கும். வெட்ட நினைத்தால் 1955ஆம் வருஷத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்டக் குழு அனுமதி வேண்டும். மழை வந்தபின் மனுப் போட்டால் நடக்காது, பிப்ரவரியிலேயே கொடுங்கள்.

முகாம் நடத்துவது வருவாய்த் துறையின் வேலை. வி.ஏ.ஓ., தாசில்தாரிடம் முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து உங்கள் ஹாலை அவர்கள் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்ந்தால் அரிசி, மருத்துவக் குழு அவர்களிடமிருந்து வரும். சேராவிட்டால் இரண்டாம் நாள் நீங்களே எல்லாம் பார்க்க வேண்டும். சாவி மூன்று பேரிடம், மூவரும் நடந்து வரும் தூரத்தில் குடியிருப்பவர்கள். சாவி வைத்திருந்தவர் கோயம்புத்தூர் போயிருந்தார் என்பதுதான் அடிக்கடி நடப்பது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, ஆம்புலன்ஸ் 108, இரண்டையும் கதவில் ஒட்டுங்கள்.

பெட்போர்டுவாசி:
இது பெரிய உதவி ஐயா. கம்பளியை மட்டும் யாரும் தொடவில்லையே? நிவாரணப் பையில் 10 கிலோ அரிசியும் வைக்கலாம் என்று ஒரு சபை சொல்கிறது.

கேத்திப்பள்ளம்:
அரிசி வேண்டாம். ரேஷனில் இலவசமாக வருகிறது, வீட்டில் பானை நிறைய இருக்கும். நீங்கள் தூக்கிக்கொண்டு 200 படி இறங்கிக் கொடுத்ததைக் கடையில் விற்பார்கள், அதில் தப்பும் இல்லை. பருப்பு, எண்ணெய், சர்க்கரை, தேயிலைத்தூள், சோப்பு, நாப்கின் வையுங்கள். வழி அடைபட்டால் சமாளிக்க மூன்று நாள் பை தனி: அவல், பால்பவுடர், பிஸ்கட், மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, அவர் சாப்பிடும் மாத்திரை. மாத்திரையை நீங்கள் வாங்கிக் கொடுக்க வேண்டாம். அரசின் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டப் பணியாளர் அந்த வீட்டுக்கு வருகிறாரா என்று பார்த்து, வராவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிச் சேர்த்துவிடுங்கள்.

கம்பளி: உடம்புச் சூடு அதிகம் இறங்குவது தரையில். மேலே இரண்டு மெல்லிய கம்பளி போர்த்தினாலும் கீழே வெறும் சிமெண்ட் என்றால் நடுங்குவார். ஒரு தடித்த கம்பளியும் கீழே விரிக்க நல்ல தடித்த பாயும் சேர்த்துக் கொடுங்கள். ரப்பர் வெந்நீர்ப் பை இன்னும் நல்லது. டிசம்பர் நடுவில் கொடுப்பதைவிட நவம்பர் கடைசியில், உறைபனி இறங்கும் முன்.

கொடுக்கும்போது ஒரு வார்த்தை கட்டாயம்: கதவை அடைத்துக்கொண்டு உள்ளே கரியடுப்பு, தணல் சட்டி வைக்கக் கூடாது. அந்த நச்சு வாயுவுக்கு மணம் கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போகும். இந்த மலைகளில் அப்படிச் சாவுகள் நடந்திருக்கின்றன.

அருவங்காடு_தம்பி:
பையில் ஒரு வசன அட்டையும் ஞாயிறு ஆராதனை நேரமும் வைத்தால் என்ன? நல்ல காரியம்தானே.

வெலிங்டன்_பஜார்:
என் ஓட்டு வேண்டாம் என்பதற்கு. பகுதி பிரித்துக் கொடுத்தபின் பாதிக்கு மேல் வீடுகள் வேற்று மதத்தார் வீடுகள். ஒரு அட்டை போதும், மதமாற்றம் என்று புகார் போக. அப்புறம் முதியவர்தான் சாப்பாட்டை நிறுத்தச் சொல்வார், பிள்ளைகள் திட்டுவார்கள் என்று. ஜெபிக்கச் சொல்லி அவரே கேட்டால் ஜெபியுங்கள். பேனர் விஷயத்திலும் அப்படியே. நாலு சபைப் பெயரும் எந்த வரிசையில், எந்த அளவு எழுத்தில் என்று சண்டை வரும், படம் எடுத்துப் போடும் போட்டி வரும். பேனரே வேண்டாம் என்று முதல் தீர்மானத்தில் எழுதிவிட்டால் நிம்மதி. ஊர்க் கோயில் கமிட்டி, ஜமாத், கத்தோலிக்கப் பங்கு ஆகியோருக்குத் தொடங்கும் முன்னாலேயே போய்ச் சொல்லுங்கள். அவர்களும் அன்னதானம் செய்கிற நாள் இருக்கும், அதே நாளில் நீங்களும் சமைக்க வேண்டியதில்லை.

கணக்குப்பிள்ளை:
சரியான பேச்சு. 1952ல் சுவீடனில் லுண்ட் நகரில் கூடிய பல திருச்சபைகளின் உலக மாநாடு சபைகள் முன் வைத்ததே இதுதான்: கொள்கை வேறுபாடு பிரிந்து நிற்கக் கட்டாயப்படுத்தும் காரியங்கள் தவிர மற்ற எல்லாவற்றையும் சேர்ந்தே செய்வது. டிபன் கேரியரில் என்ன கொள்கை வேறுபாடு?

ஓய்வு_டீச்சர்:
பாதுகாப்பு பற்றி யாரும் எழுதவில்லை. முதியவர் வீட்டுக்கு எப்போதும் இரண்டு பேராகப் போங்கள், அடையாள அட்டையோடு. பணம், பாஸ்புக், ஏ.டி.எம். அட்டை எதையும் கையில் வாங்கக் கூடாது, "தம்பி, கொஞ்சம் எடுத்துட்டு வா" என்று அவரே கெஞ்சினாலும். வாலிபர் சங்கப் பிள்ளைகள் 18 வயதுக்குக் கீழே என்றால் தனியாக அனுப்பக் கூடாது. முகாமில் குழந்தைகள் இருந்தால் ஒரு பெண் பொறுப்பாளர் இரவு முழுதும் அங்கேயே இருக்க வேண்டும். குழந்தைக்கு ஏதாவது தப்பு நடந்ததாகத் தெரிந்தால் கமிட்டி கூடிப் பேசி மூடிவைக்கும் விஷயம் அல்ல. போக்சோ சட்டப்படி போலீஸுக்குச் சொல்லியாக வேண்டும், சொல்லாததே குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098ம் இருக்கிறது. முதியவரைப் பிள்ளைகள் கொடுமை செய்தால் முதியோர் உதவி எண் 14567.

மழைமானி:
இன்னொன்று விட்டுப்போச்சு. ஆயர் ஐயா மாற்றலாகிப் போவார், கமிட்டியும் தேர்தலில் மாறும். கூட்டு முயற்சிகள் பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான் சாகும், ஏனென்றால் ஒரு ஆயரின் ஆர்வத்தில் தொடங்கியிருக்கும். ஆகவே பொறுப்பாளராக ஆயரைப் போடாதீர்கள், ஆலோசகராக இருக்கட்டும். சபைக்கு இரண்டு சபையார், அதில் ஒருவர் பெண், நாலு சபைக்கு எட்டுப் பேர். ஒவ்வொரு வருஷமும் பாதிப் பேர் மட்டும் மாற வேண்டும். நாலு கமிட்டியும் ஒரே வாசகத்தில் தீர்மானம் நிறைவேற்றி மினிட் புத்தகத்தில் எழுதட்டும். புதிய ஆயர் வந்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டலாம்.

பெட்போர்டுவாசி:
எல்லாருக்கும் நன்றி. இப்போதைக்கு இப்படி யோசிக்கிறோம்: ஜூனில் பட்டியல் மட்டும், ஆகஸ்டில் 20 பேருக்கு வாரம் ஒருநாள் சாப்பாடு, செப்டம்பரில் ஹால் பரிசோதனையும் தாசில்தார் கடிதமும், நவம்பரில் கம்பளி. 60 பேர், மூன்று நாள் என்பது அடுத்த வருஷம். அண்டா அக்கா, 20 பேருக்கும் 19 கிலோ சிலிண்டர் இரண்டு தேவையா?

பெரிய_அண்டா:
வேண்டாம். 20 பேருக்கு ஒன்றே முக்கால் கிலோ அரிசி, 600 கிராம் பருப்பு. 10 லிட்டர் குக்கர் ஒன்று, சாதத்துக்கு ஒரு குக்கர், இரண்டு பர்னர் அடுப்பு, ஒரு சிலிண்டர் போதும். கேரியர் மட்டும் 42 வாங்கிவிடுங்கள், பிறகு அதே அளவில் கிடைக்காது. வாங்கும்போது மூடியைத் தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துப் பாருங்கள், படியில் இறங்கும்போது சாம்பார் சட்டையில்தான் ஊற்றும்.